இரண்டு கண்ணி குறைவு

மே 7, ஞாயிறு

இன்று நான் அண்ணியிடம் சொல்லாதது: செயினில் இரண்டு கண்ணி குறைகிறது.

மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். பின் டயரில் காற்று முன் டயரைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், புது பிரேக் கட்டைகள் முதல் இரண்டு நாள் கீச்சிடும், கைப்பிடியில் சுற்றிய நாடாவின் நுனி பிரிந்தால் இழுக்காமல் என்னிடம் காட்ட வேண்டும். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கணுவாய்ப் பிரிவு வரை ஒரு சுற்றுப் போய் வந்தார். வந்தவர் இறங்கவில்லை. வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றபடி, "கியரு மாறுறதே தெரியலடி வாணி" என்றார்.

அவர் குளிக்கப் போனதும் சைக்கிளைத் துடைப்பதற்காகத் தாங்கியில் மாட்டினேன். கையால் பெடலைச் சுற்றி, முன்னால் பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் மிகப் பெரியதிலும் ஒரே நேரத்தில் செயினை ஏற்றிப் பார்த்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை அது. அரைச் சுற்றில் பெடல் நின்றுவிட்டது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லரின் கை, மடங்கி இருக்க வேண்டியது, முன்னோக்கி நீண்டு விறைத்து நின்றது. இன்னும் ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் முறிந்து சக்கரக் கம்பிகளுக்குள் போயிருக்கும். ஓடும் வண்டியில் அது நடந்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

காரணம் உடனே தெரிந்தது. பழைய செயினையும் புதுச் செயினையும் தரையில் பக்கம் பக்கமாக நீட்டி வைத்து, பழையதன் அளவுக்குப் புதியதை வெட்டினேன். நான் வேலை செய்யும் சைக்கிள் கடையில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பல்சக்கரம் மாறாதவரை அது சரி. நான் பின்னால் இருபத்தெட்டுப் பல் உள்ள சக்கரத்தை எடுத்துவிட்டு முப்பத்துநான்கு பல் உள்ளதைப் போட்டிருக்கிறேன். நூற்றெட்டுக் கண்ணி வேண்டும். நூற்றாறு இருக்கிறது.

அண்ணி ஈரத் தலையோடு வெளியே வந்தார். சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவிடம், "அத்தை, பழசும் பழசும் சேந்து ஒரு புது வண்டியாயிருச்சு, வந்து பாருங்க" என்றார். அம்மாவும் மாவுக் கையோடு வந்து பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"அண்ணி, முன்னாடி பெரிசையும் பின்னாடி பெரிசையும் சேத்துப் போடாதீங்க. எந்த வண்டிலயும் போடக்கூடாது. செயின் கோணலா ஓடும்."

"ஹாஸ்டல்ல கோச்சும் அதான் சொல்லுவாரு. அவசரத்துக்குப் போட்டுக்குவோம்."

"இதுல வேண்டாம்."

"சரி மெக்கானிக்கு" என்று சிரித்தார்.

பெரிதும் பெரிதும் சேர்த்து ஓட்டக் கூடாது என்பது பொய்யில்லை. எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது.

மே 8, திங்கள்

கடையில் இன்று கூட்டம் இல்லை. பெனடிக்ட் அண்ணா என்னைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். கடை அவருடையது. நான் நான்கு வருடத்துக்கு முன் பில் போட வந்தவள். சாமான்களோடு வரும் கையேடுகளை யாரும் பிரிப்பதில்லை என்பதால் நான் பிரித்துப் படிக்க ஆரம்பித்து, இப்போது வண்டியும் பூட்டுகிறேன்.

சென்ற வாரம் நடந்ததை எழுதி வைக்கிறேன். அண்ணியின் வண்டி விளையாட்டு விடுதி நாளில் வாங்கியது. அடுத்த மாதம் அவர் ஓட்டப்போகும் தேர்வுச் சாலையில் ஏழு ஏற்றங்கள். பழைய கியரில் முழங்கால் போய்விடும். ஒரே வரிசையில் செய்த முழு குரூப்செட், அதாவது கியர், பிரேக் சாமான்களின் தொகுப்பு, வாங்கினால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். அது ஆகிற காரியம் இல்லை. கடையின் கழிவுப் பெட்டியில் கிடந்தவற்றைச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். கைப்பிடியில் கியரை மாற்றும் ஷிஃப்டர் பத்து வேகம், சாலை வண்டியுடையது. நீளக் கை உள்ள டீரெய்லர்கள் இரண்டு இருந்தன, இரண்டும் மலை வண்டியுடையவை: ஒன்று பத்து வேகம், ஒன்று ஒன்பது வேகம். நான் ஒன்பதை எடுத்தேன்.

"பத்துக்குப் பத்து போடு கண்ணு. ஒம்பதப் போட்டுட்டு அப்பறம் ஒப்பாரி வெக்காத" என்றார் பெனடிக்ட் அண்ணா.

பெட்டி மேல் எழுதிய எண் முக்கியமில்லை. ஒரு தட்டுக்கு ஷிஃப்டர் எவ்வளவு கேபிள் இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது, இரண்டையும் பெருக்கினால் வருவது ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரமா என்பதே கணக்கு. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஓடினால் கடை போர்டில் என் பெயரை எழுதுவதாகச் சொன்னார். பத்தைப் போட்டதும் செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நின்று கடகடத்தது. ஒன்பதைப் போட்டதும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. சனிக்கிழமை பக்கத்து மாவு மில்காரரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார்.

பழைய செயினோடு, முன்னால் சிறியதில் வைத்துத்தான் காட்டினேன்.

இன்று போர்டில் சாக்பீஸால் எழுதிவிட்டார்: "கியர் கலப்பு வேலை: கோகிலவாணி." நான் அழிக்கச் சொன்னேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

மே 10, புதன்

வெட்டிய மிச்சம் எட்டுக் கண்ணி. என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

மே 14, ஞாயிறு

அண்ணி காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மாங்கரை தாண்டி ஆனைகட்டி ஏற்றம் வரை போய், எட்டே காலுக்கு வந்தார். எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பதினைந்து நிமிடமும் கேட்டில் நின்றேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்று அம்மா நினைத்திருப்பார். ஊற்றவும் செய்தேன், செம்பருத்திக்கு இரண்டு முறை.

வந்ததும் நான் முதலில் பார்த்தது அண்ணியின் முழங்கையை, பிறகு டீரெய்லரை. இரண்டும் முழுதாக இருந்தன.

சாப்பிடும்போது அண்ணி ஒன்று சொன்னார். சின்ன ஏற்றம் வரும்போது முன்னால் பெரியதிலேயே வைத்துப் பின்னால் மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் வேகம் அறாது. முன்னால் சிறியதற்கு இறக்கி, மேலே போய் மறுபடி ஏற்றும்போது ஒவ்வொரு தடவையும் இரண்டு மூச்சு வீணாகிறது.

"கடைசிப் பல்லு மட்டும்தானே வேணாங்கிற? நூறு மீட்டரு. ஏறுனதும் எடுத்துருவேன்."

"வேண்டாம் அண்ணி. இது கலப்பு வண்டி."

"சரிடி. நீ சொன்னா சரிதான்."

அண்ணி விதிகளைக் கடைப்பிடிக்கிறவர். பன்னிரண்டு வயதில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து விடுதிக்கு வந்து, ஒன்பது வருடம் மணியடித்தால் எழுந்து மணியடித்தால் படுத்தவர். யாராவது செய்யாதே என்றால் காரணம் கேட்காமல் நிறுத்திவிடுவார். அந்தப் பழக்கத்தின் மேல்தான் இப்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மே 19, வெள்ளி

மதியம் மழை. கடையில் பதினொரு வண்டி சர்வீஸுக்கு நின்றது. செயினில் குறையும் துண்டைச் சேர்க்க இணைப்புக் கண்ணி ஒரு ஜோடி எடுத்து வைத்தேன். வரும்போது மேசையிலேயே மறந்துவிட்டேன்.

அண்ணி எதற்காக ஓட்டுகிறார் என்பதை இதுவரை நான் ஒழுங்காக எழுதவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு வேலை. துறையின் பெயரை வாயால் சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதனால் நானும் எழுதவில்லை. ஜூன் 11 அன்று சேலத்தில் தேர்வு. தனித்தனியாக, நேரம் வைத்து, இருபது கிலோமீட்டர். பெண்களில் இரண்டு பேரை எடுப்பார்கள். ஜூலையில் அண்ணிக்கு இருபத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும். அதனால் இது ஒன்றுதான்.

சாயங்காலம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "கெடச்சா எந்த ஊர்லம்மா போடுவாங்க?"

"எங்க போட்டாலும் போக வேண்டியதுதான் அத்தை."

அண்ணி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் மஸ்கட் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணியும் நானும் ஒரே அறை. ஜன்னல் பக்கக் கட்டில் அவருடையது.

அதன் பிறகு நூலகப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தை மூன்று முறை படித்திருக்கிறேன்.

மே 24, புதன்

அண்ணி தரையில் உட்கார்ந்து காலை நீட்டித் தசையைத் தளர்த்தும் அரை மணி நேரமும் நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அவராகக் கேட்டு ஆரம்பித்தது. இந்த வீட்டில் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்ட முதல் ஆள் அண்ணிதான். இப்போது ஓடுவது பனிப்பிரதேசத்தில் வழி தவறிய ஒரு கப்பல்காரரின் குறிப்புகள். இன்று அவர் தம் நாய்களை ஒவ்வொன்றாக இழக்கும் பகுதி வந்தது.

"இந்தாளு எல்லாத்தையும் எழுதுறான், ஆனா மாலுமிகட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான் பாரு" என்றார் அண்ணி. "அன்னைக்கே மேப்பு தப்புன்னு சொல்லிருந்தா திரும்பிருக்கலாம்ல."

சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார் என்றேன்.

"பயந்தா என்ன? செத்தா போயிருவாங்க?" என்றவர், உண்மையாகவே எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டார். கடைசி அத்தியாயத்தில் தெரியும் என்றேன்.

இன்று நான் இணைப்புக் கண்ணியைக் கொண்டுவந்தேன். பென்சில் பெட்டியில் போட்டேன். செயின் வெட்டும் கருவி கடையில் இருக்கிறது.

மே 28, ஞாயிறு

ஆனைகட்டிப் பாதையில் அண்ணியின் செயின் கழன்றது. முன்னால் பெரியதிலிருந்து சிறியதற்கு அவசரமாக இறக்கும்போது சிறியதையும் தாண்டி உள்பக்கம் விழுந்துவிட்டது. இறங்கி, கையால் மாட்டிவிட்டு வந்தார். விரல்களில் கருப்பு மசி. மசிக் கையோடு வாங்கியதில் காபி தம்ளரில் ஐந்து விரலும் பதிந்தன.

முன் டீரெய்லர் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. இந்தப் பல்சக்கரத்தின் வளைவுக்காகச் செய்ததல்ல. செயின் உள்ளே விழாமல் தடுக்கும் எல்லைத் திருகை அரைத் திருப்பு திருப்பினேன். இருபது தடவை இறக்கிப் பார்த்தேன், விழவில்லை. தாங்கியில் விழாது. ஏற்றத்தில், பெடலை அழுத்தியபடி இறக்கும்போதுதான் விழும். முன்னால் அடிக்கடி இறக்காமல் ஓட்டினால் அந்தப் பிரச்சினையே வராது.

அப்படி ஓட்டச் செயினில் நூற்றெட்டுக் கண்ணி வேண்டும்.

ஜூன் 2, வெள்ளி

பெனடிக்ட் அண்ணா இன்று திடீரென்று கேட்டார். வாடிக்கையாளர் ஒருவர் தன் வண்டிக்கும் முப்பத்துநான்கு போட வேண்டும் என்று வந்திருந்தார்.

"உங்க அண்ணி வண்டிக்குச் செயின் அளந்துதானே போட்ட?"

"அளந்தனுங்க அண்ணா."

அதுவும் பொய்யில்லை. அளந்தேன். எதை வைத்து அளந்தேன் என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அண்ணி போர்டிகோவில் வண்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து, எண் ஒட்டும் பனியனுக்கு ஊக்கு குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். செயினை இப்போது பிரித்தால் எதற்கு என்று கேட்பார். நான் என்ன சொன்னாலும், இந்த நான்கு வாரமும் எந்தச் சின்ன ஏற்றத்திலும் ஏன் மூச்சு வீணானது என்பது அவருக்குப் புரிந்துவிடும். ஒவ்வொரு காலையும் நான் எதன் மேல் அவரை அனுப்பினேன் என்பதும் புரியும். அவர் கோபப்படமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அது உதவவில்லை.

அவர் தூங்குகிற நேரம் பார்த்துச் செய்திருக்கலாம். பத்து நிமிட வேலை. அவர் மதியம் தினமும் ஒரு மணி நேரம் தூங்குகிறார். ஞாயிறுகளில் நானும் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஜூன் 6, செவ்வாய்

இட்லி அரிசி தீர்ந்தது. நூலகப் புத்தகம் தவணை தாண்டிவிட்டது. அண்ணியின் நேரம் முன்பைவிட நன்றாக வருகிறது. இடது கை கட்டைவிரலில் காய்ப்பு: முன் கியரை அவ்வளவு தடவை மாற்றுகிறார்.

ஜூன் 9, வெள்ளி

வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் வேன் காலை பத்து மணிக்கு வந்தது. கோவையிலிருந்து போகும் நான்கு பேருடையதையும் கம்பளியில் சுற்றி ஏற்றினார்கள். சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பூட்டி வைத்து, போட்டியன்று காலை ஆறு மணிக்குத்தான் கொடுப்பார்களாம். வேன் தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்ற நிம்மதி. அதை உள்ளபடியே எழுதிவிடுகிறேன்.

மதியம் அண்ணி தூங்கும்போது, அம்மா புளி கரைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: அண்ணன் விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். இந்த வேலை அமையாவிட்டால் ஜூலையில் அண்ணி அங்கே போக வேண்டும். இரண்டு பேரும் பேசி ஒத்துக்கொண்டது, மார்ச்சிலேயே.

வேலை அமைந்தாலும் வேறு ஊருக்குப் போவார்தானே என்று கேட்டேன்.

"ஏன் சாமி வேற ஊரு? அன்னிக்கு நான் கேட்டப்பறம் அவ விசாரிச்சா. இந்தத் தடவை எடுக்கறவங்க ரெண்டு பேருக்கும் எடம் இங்கயேதான், போத்தனூர்ல. அதுக்குத்தான அவ இப்பிடி ராப்பகலா மெனக்கெடறா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

"அந்தப் பாலைவனத்துல நான் என்னத்த ஓட்டுவேன் அத்தைன்னு எங்கிட்ட ஒருக்கா அழுதா. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்ன்னா. நீ மனசுல வெச்சுக்கிட்டு வேலையக் கெடுத்துக்குவியாம்."

அண்ணி ஐந்து மணிக்கு எழுந்து, நான் ஏன் படிக்க வரவில்லை என்று கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கொப்பளித்தேன்.

ஜூன் 10, சனி. சேலம்

பேருந்தில் மூன்றரை மணி நேரம். எட்டுக் கண்ணி, ஒரு ஜோடி இணைப்புக் கண்ணி, செயின் கருவி. மூன்றையும் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தேன். அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கினார். முடிச்சு அவர் கையில் குத்தியபோது தூக்கத்திலேயே நகர்த்திவிட்டார்.

ஒரு கண்ணி ஜோடியைச் சேர்க்க எனக்கு ஏழு நிமிடம் போதும். வண்டி ஆறு மணிக்குக் கையில் வரும். அண்ணியின் முறை ஏழு பத்துக்கு. சேலத்தில் தங்கிய லாட்ஜ் அறையில் கைக்கடிகாரத்தை வைத்து, கண்ணியில்லாமல், வெறும் கையால் செய்து பார்த்தேன். ஏழு நிமிடம்தான்.

ஜூன் 11, ஞாயிறு

ஆறு ஐந்துக்கு வண்டி வந்தது. கம்பளியைப் பிரித்தோம். எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

அண்ணி பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டடி. போட்டி எனக்கா, ஒனக்கா?"

போட்டியன்று காலையில், ஓடுகிற வண்டியைத் தொடாதே. அவசரமாக இணைத்த கண்ணி அழுத்தத்தில் பிரியும். இதுவும் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. இதுவும் உண்மை. நான் கைக்குட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "தண்ணி குடிச்சீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

குடித்துவிட்டதாகச் சொன்னார்.

ஆறாவது ஏற்றத்தின் அடியில் போய் நின்றேன். முப்பத்தொரு பேர், ஒரு நிமிடத்துக்கு ஒருவர். அண்ணிக்கு முன் போனவர்களில் நல்ல வண்டி வைத்திருந்தவர்கள் முன்னால் எதையும் மாற்றவில்லை. பெரியதிலேயே வைத்து, பின்னால் கடைசிப் பல் வரை ஏற்றி, உட்கார்ந்தபடியே மேலே போனார்கள். பிறகு அண்ணி வந்தார். வேகம் எனக்குத் தெரியும். அதுவரை பார்த்த யாரையும்விட அவர் நன்றாக வந்தார். ஏற்றத்தின் அடியில் இடது கட்டைவிரல் அசைந்தது. செயின் இறங்கி, சிறியதையும் தாண்டி விழுந்தது. கால் வெறுமனே சுற்றியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. இறங்கி, குனிந்து, மாட்டி, ஏறிப் போனார். மனசுக்குள் எண்ணினேன். இருபத்திரண்டு வினாடி.

முதல் இரண்டு பேருடைய நேரமும் அறிவித்தார்கள். அண்ணி மூன்றாவது. இரண்டாமவருக்கும் அவருக்கும் ஒன்பது வினாடி.

மண்டப வாசலில் தேர்வுக் குழுவிலிருந்த ஒரு கோச் அண்ணியிடம் வந்தார். கால் நல்ல கால் என்றார். பிறகு, "அந்தச் சின்ன ஏத்தத்துக்கெல்லாம் ஏம்மா முன்னாடி எறக்குற? பெருசுலயே வெச்சுப் பின்னாடி ஏத்திட்டுப் போயிருக்கலாமே" என்று கேட்டார்.

"பெரிசும் பெரிசும் போடக்கூடாது சார்" என்றார் அண்ணி. பிறகு திரும்பி என்னைக் காட்டினார். "எங்க வீட்டு மெக்கானிக் சொல்லிருக்கா. இந்த வண்டிய முழுசா கட்டுனதே இவதான்."

கோச் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்காமல், "நல்லதும்மா" என்று போய்விட்டார்.

ஜூன் 13, செவ்வாய்

வேன் வண்டியை இறக்கிவிட்டுப் போனது. மதியம் அண்ணி தூங்கும் நேரத்தில் தாங்கியில் மாட்டி, செயினைப் பிரித்து இரண்டு கண்ணி சேர்த்தேன். ஏழு நிமிடம் ஆகவில்லை. முன்னால் பெரியது, பின்னால் பெரியது. பெடல் தடையில்லாமல் சுற்றியது.

தலையைத் தூக்கியபோது அண்ணி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தரையில் கிடந்த மிச்ச ஆறு கண்ணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கடையில் சும்மா கிடந்ததல்ல, அதே செயினின் துண்டு என்பது பார்த்தாலே தெரியும். அதே நிறம், அதே எழுத்து.

"இப்ப போடலாமா?" என்று கேட்டார்.

"போடலாம் அண்ணி."

கண்ணிகளை என் கருவிப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனார். சிறிது நேரம் கழித்து ஒரு தம்ளர் காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 14, புதன்

அண்ணன் பேசினார். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டது: ஓட்டை உடைசலைச் சேர்த்துக் கட்டின வண்டியை நம்பிப் போனால் வேறு எப்படி ஆகும், வாணிக்கு என்ன தெரியும் என்றார்.

"வண்டி நல்ல வண்டிங்க. நாந்தான் அவசரப்பட்டு எறக்கிட்டேன்" என்றார் அண்ணி.

நான் எழுந்து அந்த அறைக்குப் போகவில்லை. போர்வையை நான்காக மடித்தேன். விளிம்பு சேரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூன் 21, புதன்

அண்ணி ஒரு வாரமாக ஓட்டவில்லை. கப்பல்காரரின் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டவில்லை, அண்ணியும் கேட்கவில்லை.

கடையில் இந்த மாதம் மூன்று பேர் அண்ணியின் வண்டி போலவே வேண்டும் என்று வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குப் புரியும்படி கலப்பு வேலைக்கு ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார் பெனடிக்ட் அண்ணா. எழுதினேன். முதல் வரி: "பழைய செயினை வைத்துப் புதுச் செயினை அளக்காதே. முன்னால் பெரியது, பின்னால் பெரியது இரண்டிலும் சுற்றி அளந்து, அதன் பிறகு வெட்டு." அடியில் சிவப்புக் கோடு போட்டேன்.

அவர் படித்துவிட்டு, "இது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான கண்ணு, இதப் போயி மொதல்ல எழுதியிருக்க?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கி அவரே ஒட்டினார். அன்று மாலை போர்டில் இருந்த என் பெயர் அழிந்திருந்தது. மழைச் சாரலாகவும் இருக்கலாம்.

ஜூலை 3, திங்கள்

விசா வந்தது.

ஜூலை 16, ஞாயிறு

அண்ணியின் பெட்டிக்கு எடை பார்த்தோம். இரண்டு கிலோ கூடுதல். ஷூவை எடுத்து வெளியே வைத்தார். பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ. வேறு எதற்கும் உதவாது. எடை சரியாகவில்லை. பருப்புப் பொடியையும் எடுத்தார். எடை சரியானது. ஷூவைத் திரும்ப வைக்கவில்லை.

நான் அப்போதும் சொல்ல நினைத்தேன். அண்ணி பெட்டியின் பூட்டுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ண மறந்துருவேன். நீ ஞாவகம் வச்சுக்க" என்றார்.

ஒன்று, பூஜ்யம், ஆறு. நூற்றாறு.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 20, வியாழன்

அண்ணி நேற்றுக் காலை விமானத்தில் மஸ்கட் போய்ச் சேர்ந்தார். சைக்கிள் ஜன்னல் பக்கக் கட்டில் இருந்த இடத்தில் நிற்கிறது. செயினில் நூற்றெட்டுக் கண்ணி இருக்கிறது.